மாவு மில்காரரின் கண்ணீர்ப் படலம்

தக்கலையிலிருந்து பத்மநாபபுரம் போகிற சாலையில், கோட்டைச் சுவர் கண்ணில் படுவதற்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிறது வைகுண்டராஜனின் மாவு மில். அரண்மனை பார்க்க வருகிற வெளியூர்க்காரர்கள் அந்த இடம் வந்ததும் காரின் கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தும்முவார்கள். மிளகாய் அரைபடுகிற நேரமாக இருந்தால் அரண்மனைக்குள் போய் ராஜாவின் கட்டிலைப் பார்க்கும்போதும் தும்மிக்கொண்டிருப்பார்கள். வைகுண்டராஜன் மட்டும் தும்ம மாட்டார். நெற்றியில் வெள்ளை நாமம், அதற்குக் கீழே மாவு படிந்த வெள்ளைப் புருவம், அதற்கும் கீழே செக்கச் சிவந்த இரண்டு கண்கள். புதிதாக வருகிறவர்கள் ஆள் கொஞ்சம் முரடு என்று நினைத்துச் சில்லறைக்குக்கூட வாய் திறக்க மாட்டார்கள். பழகியவர்களுக்குத்தான் தெரியும், அவர் ஒரு பூச்சிக்கும் சத்தம் போடாத மனிதர் என்று.

அவருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு உறுத்தல் உண்டு. பிளஸ் டூவில் கணக்கில் தோற்றுப்போனவர். தோற்றதோடு விட்டிருந்தால் ஊர் மறந்திருக்கும். அவர் போய்க் கணக்கில் தங்கப் பதக்கம் வாங்கிய ஆதிராவைக் கல்யாணம் செய்துகொண்டார். சொந்தத்துக்குள்ளேயே பேசி முடித்த சம்பந்தம்; அவர் தேடிப்போய்ச் செய்த சாகசம் ஒன்றும் இல்லை. இருந்தாலும் கல்யாணப் பந்தலில் கூட்டாளிகள் சும்மா விடுவார்களா? "லேய், இனியாவது அரியர் எழுதிப் பாஸாகுலே" என்று தாலி கட்டுகிற நேரத்தில் காதில் ஓதினார்கள். அவர் சிரித்துக்கொண்டார். ஆனால் அந்தப் பேச்சு உள்ளே போய் ஓர் ஓரமாக உட்கார்ந்துகொண்டது. என்றைக்காவது ஒருநாள் இவளுடைய பாடத்தில் இவள் கையாலேயே பாஸ் வாங்கிவிட வேண்டும் என்று ஓர் ஆசை. நாற்பத்தைந்து வயதில் ஒரு மாவு மில்காரர் வைத்துக்கொள்ள வேண்டிய ஆசைதானா இது?

ஆதிரா ஒரு தனியார் கல்லூரியில் கணக்கு எடுத்துக்கொண்டே ஆறு வருஷமாக முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். ஆராய்ச்சி என்னவென்று மில்லுக்கு வருகிற பெண்கள் கேட்டால் வைகுண்டராஜன் மெஷின் சத்தத்துக்கு மேல் பெருமையாகக் கத்துவார்.

"எம் வீட்டுக்காரி கண்ணீரைக் கணக்குப் போடுதா!"

"அதுக்கு எதுக்கு அண்ணாச்சி காலேஜ்? எங்க மாமியார் வீட்டுல ஒரு வாரம் வந்து இருக்கச் சொல்லுங்கோ. குடம் குடமா அளந்து தாரேன்" என்பாள் பிரிஜா. அவளுக்கு வாரத்தில் இரண்டு தடவை புட்டுக்கு மாவு அரைக்க வேண்டும். மாமியாரைப் பற்றி நாலு வார்த்தை சொல்லவும் வேண்டும்.

அது அழுகிற கண்ணீர் இல்லை என்று அவருக்கு ஆதிரா பலமுறை விளக்கியிருக்கிறாள். நாம் அழுதாலும் அழாவிட்டாலும் கண்ணின் மேல் எப்போதும் ஒரு மெல்லிய ஈரப் படலம் இருக்கும். ஒரு தலைமுடியின் கனத்தில் எத்தனையோ பங்கு குறைவான படலம். அடியில் வழுவழுப்பு, நடுவில் தண்ணீர், மேலே ஆவியாகாமல் காக்கத் துளி எண்ணெய். ஒவ்வொரு தடவை இமைக்கும்போதும் இமை அதைப் புதிதாகப் பூசிவிடுகிறது. இமைக்காமல் இருந்தால் சிறிது நேரத்தில் அது எங்காவது ஓர் இடத்தில் மெலிந்து உடைந்துவிடும். துடைத்துவிட்ட சிமென்ட் தரை அங்கங்கே திட்டுத்திட்டாகக் காயுமே, அப்படி. எந்த இடத்தில் உடையும், எத்தனை நொடியில் உடையும் என்பதைச் சமன்பாடு போட்டு முன்கூட்டியே சொல்வதுதான் ஆதிராவின் வேலை.

சமன்பாடு நன்றாகவே வந்திருந்தது. ஆனால் அவளுடைய கைடு மேடம், அடுத்தவர்கள் புத்தகத்தில் போட்ட அளவுகளை மட்டும் வைத்துக்கொண்டு ஓர் அத்தியாயம் எழுதினால் கமிட்டி ஒத்துக்கொள்ளாது என்று சொல்லிவிட்டார். ஒரே ஓர் ஆளுடைய கண்ணையாவது தொடர்ந்து பல மாதம், ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் அளந்து பார்க்க வேண்டும். அந்தக் கண்ணோடு சமன்பாடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் அத்தியாயம் கிடையாது. அது ஒன்றுதான் அவளுடைய ஆராய்ச்சியின் உயிர்.

கண்ணுக்கு எங்கே போவது? மாணவிகள் ஞாயிற்றுக்கிழமை வர மாட்டார்கள். ஆகவே ஆதிரா வீட்டுக்குள்ளேயே சுற்றிப் பார்த்தாள். சாப்பிட்டுவிட்டு ஈஸிசேரில் சாய்ந்திருந்த இரண்டு கண்கள் சும்மாதான் இருந்தன.

"உங்க கண்ணைக் கொஞ்சம் தருவியளா?"

"எடுத்துக்க" என்றார் வைகுண்டராஜன். கேட்ட உடனே நெஞ்சு ஒரு தடவை குதித்ததை அவர் காட்டிக்கொள்ளவில்லை.

மிளகாய் நெடியிலேயே நாள் முழுக்க நிற்கிற ஓர் ஆளின் கண்ணை ஆராய்ச்சிக்கு எடுக்கலாமா என்று யாருக்காவது தோன்றியிருக்க வேண்டும். கணக்கு படித்தவளுக்கும் தோன்றவில்லை, மிளகாய் அரைத்தவருக்கும் தோன்றவில்லை. வீட்டில் கிடக்கிற சாமானை யார்தான் சோதித்துப் பார்க்கிறார்கள்?

தக்கலை சந்தைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன கண் கிளினிக்கில் ஜிபின் என்ற பையன் கண் பரிசோதகனாக இருந்தான். ஆதிராவிடம் டியூஷன் படித்தவன். ஞாயிற்றுக்கிழமை கிளினிக் கிடையாது. சர்ச் முடிந்து வந்து டீச்சருக்காக மட்டும் திறந்து தருகிறேன் என்று ஒப்புக்கொண்டான். வைகுண்டராஜனும் தங்கள் வழிபாட்டு இடமான தாங்கலில் பணிவிடை முடித்துவிட்டு, அங்கே கட்டுகிற தலைப்பாகையை அப்படியே அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிடுவார். நெற்றியை மெஷினின் கம்பியில் அழுத்தி வைத்தால் நாமம் கம்பியில் பதிந்துவிடும். ஜிபின் ஒவ்வொரு வாரமும் அதைப் பஞ்சால் துடைத்துக்கொண்டே, "அண்ணாச்சி, மெஷினும் உங்க கூட்டத்துல சேந்தாச்சு" என்பான்.

முதல் ஞாயிறு. ஆரஞ்சு நிறச் சாயம் தேய்த்த ஒரு காகிதத் துண்டைக் கண்ணின் ஓரத்தில் தொட்டு எடுத்தான் ஜிபின். நீல விளக்கைப் போட்டதும் கண் முழுக்கப் பச்சையாக மின்னியது. "இமைச்சுட்டுத் திறங்க. இனி இமைக்கப்பிடாது." பச்சைக்கு நடுவில் ஒரு கறுப்புத் திட்டு விழுகிற நேரம்தான் படலம் உடைகிற நேரம். வைகுண்டராஜன் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கண்ணைத் திறந்து வைக்க மூச்சு எதற்கு என்று கேட்கக் கூடாது. பரீட்சை என்றால் அப்படித்தான்.

நன்றாக உட்கார்வதற்குள்ளேயே முடிந்துவிட்டது. ஜிபின் ஒரு எண்ணைச் சொன்னான். ஆதிரா உதட்டைப் பிதுக்கினாள்.

"இவ்வளவு குறைவா வராதே. பத்து நொடிக்கு மேலயாவது வரணும். முதல் நாள்லா, பயந்துட்டாரு. இதைக் கணக்குல எடுக்காண்டாம்."

அவள் சொன்னது அளவைப் பற்றி. அவர் கேட்டது தன்னைப் பற்றி. பிளஸ் டூ ரிசல்ட் அன்றைக்கு நோட்டீஸ் போர்டுக்கு முன்னால் நின்ற அதே கால்களோடு அவர் வீடு திரும்பினார்.

இங்கே நம் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சர்க்கரை பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கப் போகிறவர்கள் நம் பக்கத்தில் எப்படிப் போவார்கள்? மூன்று நாள் முன்னாலேயே சோற்றை விடுவார்கள், மரச்சீனிக் கிழங்கைத் தொட மாட்டார்கள், பாகற்காய் பிழிந்து குடிப்பார்கள், கோட்டையைச் சுற்றி விடியற்காலம் ஓட்டமும் நடையுமாகப் போவார்கள். ரத்தம் கொடுத்துவிட்டுத் திரும்புகிற வழியிலேயே கடையில் ஏறி, எண்ணெயில் பொரித்த பழம்பொரியை இனிக்க இனிக்கத் தின்பார்கள். ரிசல்ட் நல்லபடி வந்தால் டாக்டரை ஜெயித்துவிட்ட திருப்தி. நோய் இருக்கிறதா என்று தெரிந்துகொள்வதற்கு யாரும் பரிசோதனைக்குப் போவதில்லை, பாஸாகத்தான் போகிறார்கள். வைகுண்டராஜன் இந்த வித்தையில் கை தேர்ந்தவர். அவருடைய சர்க்கரை பல வருஷமாக டாக்டருக்கு மட்டும் சரியாக இருந்து வந்தது.

ஆகவே கண்ணுக்கும் தயாராவது எப்படி என்று மெடிக்கல் ஷாப் ராஜையனிடம் போய் நின்றார்.

"கண்ணு காயாம இருக்க ஏதாவது உண்டுமா?"

"சொட்டு மருந்து உண்டு அண்ணாச்சி. கண்ணீர் மாதிரியே இருக்கும்."

"மாதிரியே இருந்தாப் போதும்" என்றார் வைகுண்டராஜன்.

அடுத்த ஞாயிறு, முகம் கழுவப் போகிறேன் என்று கிளினிக்கின் பின்பக்கக் குழாயடிக்குப் போய் ஆளுக்கு இரண்டு சொட்டு, அதாவது கண்ணுக்கு இரண்டு சொட்டு விட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். ஜிபின் எண்ணிக்கொண்டே போனான். கறுப்புத் திட்டு வருவதாக இல்லை. ஆதிரா எழுந்து அவர் பக்கத்தில் வந்துவிட்டாள்.

"வெரி குட்!" என்றாள்.

மாணவிகளுக்கு அவள் தினமும் எத்தனையோ தடவை சொல்கிற வார்த்தைதான். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் அவருக்கு அது முதல் தடவை. அன்றைக்கு அவர் பைக்கை ஓட்டிக்கொண்டு வந்த விதத்தைப் பார்த்தவர்கள், அரைக்க வந்த அரிசிக்குள் பரிசு விழுந்த லாட்டரிச் சீட்டு கிடைத்துவிட்டதாக நினைத்திருப்பார்கள்.

பிறகு நடந்ததுதான் வினை. ஒரு வாரம் இரண்டு சொட்டு, ஒரு வாரம் மூன்று. ஒரு வாரம் குழாயடியில் ஜிபின் கைகழுவிக்கொண்டு நின்றதால் ஒன்றுமே விட முடியவில்லை. ராஜையன் இதைவிட நல்லது என்று கொழகொழவென்று ஒரு ஜெல் கொடுத்தபோது அளவு எங்கேயோ ஏறி நின்றது. வைகுண்டராஜனுக்கு ஏறினாலும் சந்தோஷம், இன்னும் ஏறினாலும் சந்தோஷம். ஆதிராவுக்குத்தான் தலை சுற்றியது. சமன்பாடு ஓர் எண் சொல்கிறது, கண் வேறொன்று சொல்கிறது. அடுத்த வாரம் கண் தன் பேச்சைத் தானே மாற்றுகிறது. கணக்கு படித்தவள் கண்ணைச் சந்தேகிப்பாளா? தன் சமன்பாட்டைத்தான் சந்தேகித்தாள். காற்றுக்கு ஓர் உறுப்பு சேர்த்தாள், உப்புக்கு ஒன்று, எண்ணெய்ப் படலம் நகர்வதற்கு ஒன்று. அழகாக ஒரு வரியில் இருந்த சமன்பாடு பக்கம் தாண்டி, கூட்டுக் குடும்பத்து ரேஷன் கார்டு மாதிரி ஆகிவிட்டது. அப்படியும் ஒத்துப்போகவில்லை.

கமிட்டிக்குத் தேதி குறித்தாகிவிட்டது. அடுத்த வாரம் புதன்கிழமை. இனி நீட்டிக்க முடியாது. ஒரு திங்கட்கிழமை காலையில் ஆதிரா அடுக்களையில் நின்று கைடுக்குப் போன் செய்தாள். வைகுண்டராஜன் கூடத்தில் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார்.

"மேடம், அந்தச் சாப்டரை விட்டுருதேன். மாடல் தப்புதான். எனக்கு இதுல மண்டை இல்லைன்னு நினைக்கேன். இவ்வளவு வருஷம் உங்களையும் கஷ்டப்படுத்தியாச்சு."

அவள் அழவில்லை. குரல் மட்டும் தேய்ந்துபோயிருந்தது. வைகுண்டராஜனுக்குப் பொத்தான் துளை மாறிப்போயிற்று. அதே கோணல் சட்டையோடு மில்லுக்குப் போனார். ஆதிராவுக்கு மண்டை இல்லையா? தங்கப் பதக்கக்காரிக்கா? ராஜையன் கடை பாட்டில் ஒன்று அவளை முட்டாளாக்கிவிட்டதே. சொல்லிவிடலாம். சொன்னால் அந்த "வெரி குட்" போய்விடும். போகட்டும் என்று ஒரு மனம். ஒன்பது மாதம் ஏமாற்றியவன் என்று தெரிந்தால் முகத்தில் விழிப்பாளா என்று ஒரு மனம். இந்த யோசனையில் பிரிஜாவின் புட்டு அரிசியை எடுத்து மிளகாய் மெஷினில் கொட்டிவிட்டார்.

வெளியே வந்து விழுந்த மாவு நல்ல ரோஜா நிறத்தில் இருந்தது.

"அண்ணாச்சி!" என்று பிரிஜா போட்ட சத்தத்தில் சாலையில் போன சைக்கிள் நின்றது. "இதுல புட்டு அவிச்சுக் குடுத்தா எங்க மாமியார் என்னை உசுரோட விடுவாளா? உங்க கண்ணு என்ன, பொட்டக் கண்ணா?"

அவர் மில்லில் கிடந்த தன் வீட்டு அரிசியை எடுத்து அவளுக்கு அரைத்துக் கொடுத்துவிட்டு, மில்லைப் பூட்டிவிட்டு, நேரே வீட்டுக்கு நடந்தார். ஆதிரா கல்லூரிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள். சட்டைப் பையிலிருந்து பாட்டிலை எடுத்து மேசை மேல் வைத்தார்.

"ஏட்டி, உனக்கு மண்டை இருக்கு. கண்ணுதான் கள்ளக் கண்ணு."

அவள் பாட்டிலைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். புரிந்ததும் நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டாள்.

"எப்பத்தில இருந்து?"

"ரெண்டாவது வாரத்தில இருந்து."

"ஆடி மாசம் ஒரு நாள் படக்குன்னு குறைஞ்சுதே? ஆரல்வாய்மொழிக் காத்துன்னு நினைச்சு நான் ஓர் உறுப்பு சேத்தேனே?"

"காத்து இல்ல. அன்னைக்கு ஜிபின் குழாய்க்கிட்டயே நின்னுட்டான்."

"ஓணத்துக்கு முந்தின வாரம் அவ்வளவு கூடினதுக்கு எண்ணெய்ப் படலம் நகருதுன்னு நாலு பக்கம் எழுதினேனே!"

"அது ஜெல்லாக்கும்."

ஆதிரா இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள். "ராஜையன் கடை ஸ்டாக்குக்கா நான் தியரி எழுதினேன்? எதுக்கு இப்பிடிச் செஞ்சிய? யாராவது இதுக்குப் போய்..."

"தோத்துப்போயிருவேன்னு பயந்தேன்" என்றார் வைகுண்டராஜன். "ஒரு தடவை தோத்தாச்சு. ரெண்டாவது தடவையும் உன் முன்னால வச்சு எப்பிடித் தோப்பேன்?"

அவளுக்குக் கோபம் வந்தது. நியாயமான கோபம், ஒன்பது மாதத்துக் கோபம். அதை முழுதாக எடுத்து வீசுவதற்கு வாயைத் திறந்தவள், ஒரு பொத்தான் மாறிக் கோணலாகத் தொங்கிக்கொண்டிருந்த சட்டையையும், அதற்கு மேல் இருந்த முகத்தையும் பார்த்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். சாயங்காலம் வந்ததும் ஒரே ஒரு கட்டளை போட்டாள். ஞாயிற்றுக்கிழமை வரை கண்ணில் தண்ணீரைத் தவிர ஒரு சொட்டு எதுவும் படக் கூடாது.

அந்த வாரம் முழுக்க மில்லில் அவர் பட்டதை அவர்தான் அறிவார். மில்லிலும் அவ்வப்போது விட்டுக்கொண்ட மருந்துக்குப் பழகிப்போன கண்ணில், மணல் விழுந்தது போன்ற பழைய உறுத்தல் திரும்பி வந்துவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. வாய்க்குள் மணல் இருந்தால் துப்பலாம். கண்ணுக்குள் இருந்தால் என்ன செய்ய?

ஞாயிற்றுக்கிழமை ஜிபினுக்கு விஷயம் தெரிந்ததும் சிரிப்பை அடக்க முடியாமல் சாயக் காகிதத்தைக் கீழே போட்டுவிட்டான். பிறகு ஒழுங்காக அளந்தான். கறுப்புத் திட்டு முதல் நாள் வந்ததைப் போலவே சட்டென்று வந்தது. கொஞ்சம் ஓய்வு கொடுத்து மறுபடி அளந்தான். அதே அளவு. இன்னொரு தடவை. அதே அளவு. வைகுண்டராஜன் ஒவ்வொரு தடவையும் தலையை இன்னும் தாழ்த்திக்கொண்டார்.

ஆதிரா மடிக்கணினியில் தன் பழைய ஒற்றை வரிச் சமன்பாட்டை எடுத்தாள். காற்றும் உப்பும் எண்ணெயின் ஓட்டமும் என்று பிறகு வந்து ஒட்டிக்கொண்ட உறுப்புகளை எல்லாம் வழியனுப்பிவிட்டாள். மேலே எண்ணெய் குறைந்த கண் என்று ஒரே ஒரு மதிப்பை மாற்றி ஓட்டினாள். திரையில் கோடு கீழே இறங்கி, ஜிபின் சொன்ன நொடிக்குப் பக்கத்திலேயே போய்த் தரையைத் தொட்டது.

"வந்துட்டு! ஜிபின், வந்துட்டு!" என்று கத்திவிட்டாள். நாற்பது வயது ஆசிரியை ஆளில்லாத கிளினிக்கில் எழுந்து நின்று கையைத் தட்டினாள். அங்கேயே கைடுக்குப் போன் போட்டாள். சாப்டர் இருக்கிறது என்றாள், முதல் நாள் தள்ளிவிட்ட அளவுதான் சரியான அளவு என்றாள், நடந்ததையெல்லாம் வீட்டுக்காரர் பெயரைச் சொல்லாமல் சொன்னாள். அந்தப் பக்கத்திலிருந்து வந்த சிரிப்பு ஜிபினுக்கே கேட்டது. புதன்கிழமை அப்படியே கொண்டு வா, மீதி மாதங்களை மருந்தில்லாமல் அளந்து பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று உத்தரவாகிவிட்டது.

வைகுண்டராஜன் கம்பியிலிருந்து நெற்றியை எடுக்கவில்லை. அவருக்கு நிம்மதியாகவும் இருந்தது, ரோஷமாகவும் இருந்தது. ஊரில் எத்தனையோ பேர் தோற்றிருக்கிறார்கள். தோற்றதற்குப் பெண்டாட்டி எழுந்து நின்று கைதட்டியது தனக்கு மட்டும்தான் இருக்கும் என்று தோன்றியது.

ஆதிரா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். படலம் மெலிகிற கோட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு கோடு. தண்ணீர் ஆவியாக ஆக, உடைகிற அந்த இடத்தில் மட்டும் உப்பு ஏறிக்கொண்டே போகும். ஏறி ஒரு கூர்மையான முனையில் போய் நிற்கும். அந்த முனை அவளுக்குப் பிடித்தமானது. கருத்தரங்குகளில் அதைத்தான் முதலில் காட்டுவாள். கண்ணின் நரம்பில் ஊசி குத்துவது போலிருக்கும் இடம் இது என்று விரலை வைத்துச் சொல்வாள், எல்லோரும் குறித்துக்கொள்வார்கள். இப்போதும் விரல் தானாக அங்கே போயிற்று. போன விரல் அங்கேயே நின்றுவிட்டது.

இது புத்தகத்துக் கண் இல்லை. இவ்வளவு சீக்கிரம் உடைகிறதென்றால் இரண்டு இமைப்புக்கு நடுவில் ஒவ்வொரு தடவையும் உடைகிறது. காலையிலிருந்து இருட்டும் வரை, மிளகாய்க்கு முன்னால் நின்றுகொண்டு.

அவள் மடிக்கணினியை மூடிவிட்டு அவருக்குப் பக்கத்தில் வந்து முக்காலியில் உட்கார்ந்தாள். முகத்தைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"மில்லுல நிக்கும்போ கண்ணு எரியுமா?"

அவர் வழக்கம்போல இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தார். ஆனால் அவள் எண்ணுக்காகக் கேட்கவில்லை என்று தெரிந்தது.

"எரியும்."

"எவ்வளவு நாளா?"

"நம்ம கல்யாணத்துக்கு முந்தியே உண்டு."

ஆறு வருஷமாகக் கண்ணீரைப் படித்தவள், "நான் கேக்கவே இல்லையே" என்றாள். ஜிபின் பஞ்சைத் தேடுவதுபோல உள்ளே போய்விட்டான். அவள் சேலைத் தலைப்பால் அவர் கண்ணோரத்தில் வழிந்திருந்த சாயத்தை மெதுவாகத் துடைத்தாள். ஒரு கண்ணை முடித்துவிட்டு அடுத்த கண்ணுக்கு வந்தாள்.

இப்படி ஒன்று கிடைக்கும் என்று தெரிந்திருந்தால் முதல் ஞாயிற்றுக்கிழமையே ஒழுங்காகத் தோற்றிருக்கலாமே என்று நினைத்துக்கொண்டார் வைகுண்டராஜன்.